காத்திருப்பதா, வாங்குவதா, கட்சி மாறுவதா? தள்ளிப்போகும் இசைச் சாஃப்ட்வேர் அப்கிரேடுகள்

கார்த்திகை பிறப்பதற்குள் ஐயப்பன் பாட்டு வெளியே வந்துவிட வேண்டும். அதனால் ஐப்பசி முழுக்கச் சின்ன ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. இசைச் சாஃப்ட்வேர் கம்பெனிகளும் சொல்லிவைத்தாற்போல் இதே சமயத்தில்தான் கடை விரிக்கின்றன. க்யூபேஸ் 10, 11, 13, 14 நான்கும் நவம்பரில் வந்தவை. ஏபிள்டன் லைவ் 10, 11, 12 மூன்றும் அறிவிக்கப்பட்டது நவம்பரில். வேலை தலைக்கு மேல் இருக்கும்போதுதான் போனில் அந்தக் கேள்வி வரும்: "அண்ணா, புது வெர்ஷன் வருதாமே, வெயிட் பண்ணவா, இருக்கறதையே வாங்கிடவா?" வரும் வரும் என்று எல்லோரும் சொன்னது வராமல் தள்ளிப்போன வருடங்களில் அதே கேள்வி இன்னும் கொஞ்சம் பதற்றத்தோடு வரும்.

பாட்டை ரெக்கார்ட் செய்து, வெட்டி ஒட்டி, மிக்ஸ் செய்யும் இந்த வகை சாஃப்ட்வேரை டிஏடபிள்யூ (DAW) என்று முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமையில்லை. சுருக்கி 'டா' என்றால் யாரையோ அதட்டுவது போல இருக்கிறது. ஆகவே இங்கே சாஃப்ட்வேர் என்றே எழுதுகிறேன்.

## தராசில் என்னென்ன வைக்க வேண்டும்

முதல் கேள்வி: இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் வேலை எதனால் நிற்கிறது? "புதுசில் நிறைய வசதி வருமாம்" என்பது இதற்குப் பதில் ஆகாது. "பாடகியை ஆறு டேக் பாட வைத்து, நல்ல வரிகளை மட்டும் பொறுக்கி ஒட்ட என் சாஃப்ட்வேரில் வழியில்லை" என்பது பதில். இந்த வேலைக்குக் காம்பிங் என்று பெயர். ஆப்பிளின் லாஜிக் ப்ரோ 8-இல் 2007-லேயே அதற்கு எளிய வழி வந்துவிட்டது. ஏபிள்டன் லைவுக்குள் அது நுழைந்தது 2021 பிப்ரவரியில், 11-ஆம் வெர்ஷனில். அந்த ஒரு வசதிக்காக லைவ் பக்கம் காத்துக்கிடந்தவர்கள் வெட்டி ஒட்டியே காலம் தள்ளினார்கள். அதே வருடங்களில் லைவை விட்டு ஒரு நாளும் நகராமல், பீட் மட்டும் செய்துகொண்டிருந்தவர்களுக்கு இப்படி ஒரு குறை இருந்ததே தெரியாது.

இரண்டாவது: வரப்போவது அறிவிப்பா, வதந்தியா? இரண்டுக்கும் நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி கிடக்கலாம். லாஜிக் ப்ரோ 9 வந்தது 2009 ஜூலை. அடுத்த லாஜிக் ப்ரோ எக்ஸ் வந்தது 2013 ஜூலை. நடுவில் நான்கு வருடம், "இந்த மாதம் வருகிறது" என்பதும் "ஆப்பிள் கைகழுவிவிட்டது" என்பதும் மாறி மாறி உலவின. லைவ் 8-இன் கதை வேறு மாதிரி. 2009-இல் வந்த அதில் பிழைகள் மலிந்து, 2010 அக்டோபரில் ஏபிள்டனின் தலைவர் கெர்ஹார்ட் பேலஸ் வெளிப்படையாக ஒரு கடிதமே எழுதினார்: புது வசதிகளை நிறுத்திவைத்துவிட்டுப் பிழைகளை மட்டும் சரிசெய்யப் போகிறோம் என்று. லைவ் 9 கைக்கு வர 2013 மார்ச் ஆயிற்று. அந்தக் கடிதம் எனக்குப் பிடித்த விஷயம். 'விரைவில்' என்ற ஒற்றை வார்த்தையோடு ஆளை உட்கார வைப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மூன்றாவது, ஆனால் என் கணக்கில் முதலாவது: லைசன்ஸ் விதி. இன்றைக்குக் கொடுக்கும் பணம் நாளைக்கு வரும் வெர்ஷனுக்கும் செல்லுமா? இதைப் படிக்காமல் வசதிப் பட்டியலைப் படிப்பவர்கள்தான் அதிகம். கம்பெனிக்குக் கம்பெனி விதி மாறும்:

| சாஃப்ட்வேர் | அடுத்த பெரிய வெர்ஷன் வந்தால் | காத்திருக்கக் காரணம் உண்டா? |
|---|---|---|
| எஃப்எல் ஸ்டுடியோ | வாழ்நாள் இலவச அப்டேட் | இல்லை |
| ரீப்பர் | வாங்கிய வெர்ஷனும் அதற்கு அடுத்ததும் சேர்த்தி | இல்லை |
| லாஜிக் ப்ரோ | எக்ஸ் வாங்கியவர்களுக்கு 2024-இல் 11 இலவசமாக வந்தது | சாஃப்ட்வேருக்காக இல்லை. மேக்குக்காக இருக்கலாம் |
| பிட்விக் ஸ்டுடியோ | வாங்கிய 12 மாதத்துக்குள் வருவதெல்லாம் சேர்த்தி | கொஞ்சம் |
| க்யூபேஸ் | பணம் உண்டு. வெளியீட்டுக்குச் சற்று முன் ஆக்டிவேட் செய்தவர்களுக்கு இலவசம் | ஆண்டுக் கடைசியில் உண்டு |
| ஏபிள்டன் லைவ் | பணம் உண்டு. அறிவிப்புக்குப் பின் வாங்கியவர்களுக்கு இலவசம் | அறிவிப்பு வரும் வரை மட்டும் |

'வாழ்நாள்' என்ற சொல்லைப் பார்த்ததும் கொஞ்சம் நின்று, யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். கேக்வாக் சோனார் என்ற சாஃப்ட்வேரை வாழ்நாள் அப்டேட்டோடு வாங்கியவர்கள் இருந்தார்கள். 2017 நவம்பரில், அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் மேம்பாட்டு வேலையையே நிறுத்திவிட்டது. 2018-இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி, சில மாதங்களிலேயே எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. காசு கொடுத்தவர்களுக்கு மகிழ்வதா, வயிறு எரிவதா என்று தெரியாத நிலை. எஃப்எல் ஸ்டுடியோவைப் பொறுத்தவரை அந்தக் கம்பெனி இத்தனை வருடமாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவருகிறது. அதனால் அதை நம்புகிறேன்.

கடைசியாக இரண்டு: உங்கள் கணினி புது வெர்ஷனைத் தாங்குமா, உங்கள் ப்ராஜெக்டை வாங்கித் திறக்கும் மிக்ஸிங் ஆளிடம் எந்த வெர்ஷன் இருக்கிறது. பல சாஃப்ட்வேர்களில் புதியதில் சேமித்த ப்ராஜெக்ட் பழையதில் திறக்காது. நீங்கள் மட்டும் முன்னால் ஓடினால் அவருக்கு ஸ்டெம்களாக, அதாவது தனித்தனி ஒலிக்கோப்புகளாகத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

## இருப்பதை வைத்துக்கொண்டு காத்திருப்பது

பணம் செலவாகவில்லை என்பதால் இது இலவசம் போலத் தோன்றும். இல்லை. காத்திருப்பவர் தன் கணினியையே உறைய வைத்துவிடுகிறார். விண்டோஸை, மேக்ஓஎஸ்ஸை அப்டேட் செய்ய மாட்டார். பழைய சாஃப்ட்வேர் புது இயங்குதளத்தில் ஓடுமோ ஓடாதோ என்ற பயம். புது ப்ளக்-இன் (சாஃப்ட்வேருக்குள் செருகும் கருவி அல்லது எஃபெக்ட்) வாங்க மாட்டார். அது பழைய இயங்குதளத்தில் ஓடாது. 2019 அக்டோபரில் மேக்ஓஎஸ் கேட்டலினா 32-பிட் மென்பொருட்களை மொத்தமாக ஒதுக்கியபோது, ஒரே இரவில் பழைய ப்ளக்-இன்களை இழந்தவர்கள் உண்டு. ஏமாந்துபோய் 'அப்டேட்' பட்டனை அழுத்தியது மட்டும்தான் அவர்கள் செய்தது. என் வீட்டில் அழுத்தியது அண்ணன் மகன். மறுநாள் காலை பத்து மணிக்குப் பாடகர் வந்து நிற்கிறார், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் ட்ரைவர் எழுந்திருக்கவே இல்லை. அவருக்குக் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே போனில் ட்ரைவர் தேடிய அந்த இரண்டு மணி நேரத்தை மறக்க முடியாது.

இன்னொரு மறைமுகச் செலவு: க்யூபேஸ் போன்றவற்றில் எவ்வளவு பழைய வெர்ஷனிலிருந்து தாவுகிறீர்களோ, அப்கிரேட் விலையும் அவ்வளவு ஏறும். "ஒரேயடியாக அடுத்ததற்கு அடுத்ததில் தாவிக்கொள்ளலாம்" என்று சேமிக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பப் போய்விடும்.

புது வெர்ஷன் வந்துவிட்டாலும் காத்திருப்பு அன்றே முடியாது. ப்ரோ டூல்ஸ் 11 நல்ல உதாரணம். அதுவரை ப்ரோ டூல்ஸில் ஐந்து நிமிடப் பாட்டை பவுன்ஸ் செய்ய, அதாவது முடித்து ஒரே கோப்பாக எடுக்க, ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். ஒரு திருத்தம் என்றால் இன்னொரு ஐந்து நிமிடம். 64-பிட்டும் வேகமான பவுன்ஸும் கேட்டு உலகமே நச்சரித்தது. 2013-இல் 11 வந்து இரண்டையும் கொடுத்தது. கூடவே பழைய வடிவ ப்ளக்-இன்கள் எதுவும் அதில் ஓடாது என்றும் ஆனது. ஏஏஎக்ஸ் 64-பிட் வடிவம் மட்டும்தான். ப்ளக்-இன் கம்பெனிகள் ஒவ்வொன்றாக அந்த வடிவத்துக்கு வந்து சேரும் வரை, 11-ஐ வாங்கியவர்களும் பழைய 10-ஐத்தான் நிறையப் பேர் ஓட்டினார்கள். 10-க்கான லைசன்ஸையும் சேர்த்தே கொடுத்ததால் பிழைத்தார்கள்.

இத்தனை சொன்னாலும், காத்திருப்பதே சரி என்கிற நேரங்கள் உண்டு. 2021-இன் க்யூபேஸ் அப்படி. அதுவரை க்யூபேஸ் ப்ரோ ஓட வேண்டுமானால் லைசன்ஸைச் சுமக்கும் யுஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகியே வைத்திருக்க வேண்டும். அது தொலைந்தால் தலைவலி, உடைந்தால் பெரிய தலைவலி, மறந்து ஊரில் வைத்துவிட்டு வந்தால் அன்றைய வேலை காலி. டாங்கிளை ஒழிக்கப்போகிறோம் என்று க்யூபேஸின் கம்பெனியான ஸ்டைன்பெர்க் சொல்லிவிட்டது. 2021 நவம்பர் வந்தது, போனது. க்யூபேஸ் 12 வரவில்லை. 2022 மார்ச்சில்தான் வந்தது. அந்த நாலைந்து மாதத்தைப் பொறுத்துக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது வெறும் வசதி இல்லை. லைசன்ஸையே ஒரு பிளாஸ்டிக் குச்சியிலிருந்து விடுவித்தார்கள். பழைய டாங்கிள் சேவையையும் 2025 மே மாதத்தோடு ஸ்டைன்பெர்க் மூடிவிட்டது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அன்று 11-க்கு முழு விலை கொடுக்காமல் நின்றவர்கள் நன்றாகவே கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஆக, அறிவிப்பு வந்திருக்கிறது, உங்களைத் தடுக்கும் அதே குறை தீரப்போகிறது, இருப்பதில் வேலை ஓரளவு ஓடுகிறது: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் காத்திருங்கள். வெறும் வதந்திக்காக என்றால் வேண்டாம்.

## இன்றே வாங்குவது

எஃப்எல் ஸ்டுடியோ, ரீப்பர் என்றால் யோசிக்க எதுவுமில்லை. அட்டவணையைப் பார்த்தாலே தெரியும். தயங்கும் ஒவ்வொரு மாதமும் கற்றுக்கொள்ளும் ஒரு மாதம் போகிறது. எஃப்எல்லில் ஒரு பொறி மட்டும் உண்டு: குறைந்த விலைப் பதிப்பில் எல்லா வசதியும் இருக்காது. மிகக் குறைந்த விலையுள்ள ஃப்ரூட்டி பதிப்பில் பல வருடம் குரலை ட்ராக்காக ரெக்கார்ட் செய்து அடுக்க முடியாமல் இருந்தது. இலவச அப்டேட் என்பது நீங்கள் வாங்கிய பதிப்புக்குத்தான். மேல் பதிப்புக்கு வித்தியாசத்தைக் கட்டியாக வேண்டும். பாட்டு ரெக்கார்ட் செய்யப் போகிறவர் பதிப்பின் வசதிப் பட்டியலைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

லைவ் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு ஜன்னல் திறக்கும். லைவ் 10 அறிவிப்பு 2017 நவம்பர், கையில் வந்தது 2018 பிப்ரவரி. 11 அறிவிப்பு 2020 நவம்பர், வந்தது 2021 பிப்ரவரி. 12 அறிவிப்பு 2023 நவம்பர், வந்தது 2024 மார்ச். மூன்று முறையும் நடுவிலிருந்த மூன்று நான்கு மாதங்களில் பழைய வெர்ஷன் தள்ளுபடியில் கிடைத்தது. அதை வாங்கியவர்களுக்குப் புதியது வந்ததும் இலவசம். 11, 12-க்குத் தள்ளுபடி 20 சதவீதம். இந்த ஜன்னலில் 'புதியது வரட்டும்' என்று காத்திருப்பவர் கூடுதல் பணம் கொடுத்து, மூன்று மாத வேலையையும் இழக்கிறார். எல்லோரும் தயங்கும் அந்த நேரம்தான் உண்மையில் வாங்க வேண்டிய நேரம். இதற்கு நேர்மாறானவை அறிவிப்புக்கு முந்தைய மாதங்கள். செப்டம்பரில் முழு விலைக்கு வாங்கிவிட்டு நவம்பரில் அறிவிப்பைப் பார்ப்பவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. லைவ் 12-இல் கர்நாடக இசைக்காரர்களுக்குப் பயன்படும் ஒன்று வந்தது: மேற்கத்திய சமச் சுருதியை விட்டு வேறு சுருதி அமைப்பில் கருவிகளை வாசிக்க வைக்கலாம். நாதஸ்வரத்தோடு கீபோர்டு ஒட்டாமல் நின்ற அவஸ்தை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

லாஜிக் ப்ரோ விஷயத்தில் சாஃப்ட்வேரின் விலை 199.99 டாலர்தான், செலவு மேக்கில் இருக்கிறது. 2024 மே மாதம் வந்த லாஜிக் ப்ரோ 11 பழைய வாடிக்கையாளர்களுக்கு இலவசம் என்றதும் எல்லோரும் துள்ளினார்கள். கலந்த பாட்டிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸைப் பிரித்தெடுக்கும் ஸ்டெம் ஸ்ப்ளிட்டருக்கு ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கான் வேண்டும். இன்டெல் மேக் வைத்திருந்தவர்களுக்கு அந்த 'இலவச' வசதி ஒரு புது மேக்கின் விலை. இன்டெல் மேக்கிலேயே வேலை ஓடுகிறது, பிரித்தெடுக்கும் தேவை மாதம் ஒருமுறைதான் என்றால் அதற்கென்று மேக் வாங்காதீர்கள்.

எதை வாங்கினாலும் விலையைப் பார்க்கும்போது டாலரையோ யூரோவையோ ரூபாயாக்கி அதோடு நிறுத்திவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் சாஃப்ட்வேருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கார்டுக்கு வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி.

## கட்சி மாறுவது

கோபத்தில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இதுதான். மாறுகிறவர்கள் புது சாஃப்ட்வேரின் விலையை மட்டும் கணக்கில் வைக்கிறார்கள். இழக்கும் பெரிய மூலதனம் விரல்களில் இருக்கிறது. ஐந்து வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திய ஷார்ட்கட்டுகள், நீங்களே செய்து வைத்த டெம்ப்ளேட், தவில் ட்ராக்குக்கென்று செதுக்கிய செட்டிங். இவையெல்லாம் மறுபடி கைக்கு வர எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆயிற்று. அந்த சீசனில் எல்லா வேலையும் ஒன்றரை மடங்கு நேரம் எடுத்தது. லாஜிக்கோடு சேர்ந்து வரும் ஒலிகளும் எஃபெக்டுகளும் வேறெங்கும் கூட வராது என்பதும் மாறிய பிறகுதான் உறைக்கும்.

பழைய ப்ராஜெக்டுகள் இன்னொரு மூட்டை. ஒரு சாஃப்ட்வேரின் ப்ராஜெக்டை இன்னொன்றில் திறப்பதற்காக 2023-இல் பிட்விக்கும் ப்ரீசோனஸ் என்ற கம்பெனியும் கொண்டுவந்த டாப்ராஜெக்ட் (DAWproject) என்ற பொது வடிவம் நல்ல முயற்சி. க்யூபேஸ் 14-உம் அதைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதை ஏற்காத சாஃப்ட்வேர்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே விட்டுப் போகும் முன், முக்கியமான பாட்டுகளை ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கும்படி வேவ் கோப்புகளாக எடுத்து வையுங்கள். கீபோர்டில் வாசித்த ஸ்வரங்களின் பதிவான மிடியைத் தனியாக, பாட்டின் வேகமான டெம்போவைக் காகிதத்தில். இரண்டு வருடம் கழித்து யாராவது "அண்ணா, அந்தப் பாட்டுக்குக் கரோக்கி வேணும்" என்று வருவார்கள்; நிச்சயம் வருவார்கள்.

மாறுவதுதான் சரி என்கிற இடம், கம்பெனியே போக்கை மாற்றிக்கொள்ளும்போது. 2002-இல் ஆப்பிள், லாஜிக்கை உருவாக்கிய எமாஜிக் கம்பெனியை வாங்கியதும் விண்டோஸுக்கான லாஜிக் நின்றுபோனது. அன்றைய விண்டோஸ் லாஜிக்காரர்களுக்குக் காத்திருக்க எதுவுமே மிச்சமில்லை. இயங்குதளம், லைசன்ஸ் முறை, உரிமையாளர் இந்த மூன்றில் ஒன்று உங்களுக்கு எதிராகத் திரும்பினால் மாறுங்கள். ஒரு வசதி தாமதமாகிறது என்பதற்காக மாறுவது, பேருந்து பத்து நிமிடம் தாமதம் என்று வண்டி வாங்குவது போல.

## நடுவழி: ட்ரையலும் மாத வாடகையும்

சீசன் முடிய ஆறு வாரம், வாங்கவும் மனமில்லை, காத்திருக்கவும் முடியாது என்றால் இது உதவும். ரீப்பரை 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். அதன் பிறகும் அது நின்றுவிடாது, 'லைசன்ஸ் வாங்கவில்லையே' என்று ஞாபகப்படுத்திக்கொண்டே ஓடும். அந்தப் பெருந்தன்மையைச் சுரண்டாதீர்கள். சின்ன வருமானக்காரர்களுக்கு லைசன்ஸ் 60 டாலர்தான். லாஜிக்குக்கும் ட்ரையல் உண்டு. எஃப்எல் ட்ரையலில் ப்ராஜெக்டைச் சேமிக்கலாம், ஆனால் பணம் கட்டும் வரை திரும்பத் திறக்க முடியாது. கிளையன்ட் வேலையை அதில் ஆரம்பித்துவிட்டு மூடாதீர்கள். ப்ரோ டூல்ஸை மாத வாடகைக்கு எடுக்கலாம். வேறு ஸ்டுடியோவிலிருந்து ப்ரோ டூல்ஸ் செஷன் வந்து மாட்டிக்கொண்ட மாதத்துக்கு அது போதும்.

பீட்டா எனப்படும் சோதனை வெர்ஷன் கிடைக்கிறதே என்பவர்களுக்கு: விளையாடிப் பார்க்க மட்டும், அதுவும் வேறு கணினியில்.

## அந்தத் தம்பி என்ன செய்தார்

மேலே போனில் கேட்ட கேள்வி ஒரு தம்பியுடையது. லைவின் அடுத்த வெர்ஷனுக்காக எட்டு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார். எதற்காக என்று கேட்டால், 'மிக்ஸ் நல்லா வரும்' என்றார். அவரிடம் இருந்தது மிடி கீபோர்டோடு இலவசமாக வந்த சின்னப் பதிப்பு. எட்டு ட்ராக்குக்கு மேல் போகாது. நாதஸ்வரம் இரண்டு, தவிலுக்கு இரண்டு மைக், தாளம், சுருதி, பாடகர், கோரஸ் நான்கு என்று எண்ணிப் பார்த்தோம், பதினொன்று வந்தது. கோரஸை ஒன்றாகக் கலந்து, தவிலையும் தாளத்தையும் சுருதியையும் ஒன்றாகக் கலந்து இத்தனை நாள் எட்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கலந்த பிறகு எதையும் தனியாகத் தொட முடியாதே, மிக்ஸ் எப்படி நன்றாக வரும்? புது வெர்ஷனின் சின்னப் பதிப்புக்கும் ட்ராக் எல்லை இருக்கத்தான் செய்யும்.

அன்றிரவே ரீப்பரின் ட்ரையலை இறக்கி, பதினொரு ட்ராக்கையும் விரித்துப் போட்டார். லைவ் அறிவிப்பு வந்தால் சின்னப் பதிப்பிலிருந்து தள்ளுபடியில் ஏறிக்கொள்வதாகத் திட்டம். சபரிமலை நடை திறக்க ஒன்பது நாள் இருக்கும்போது பாட்டை அனுப்பினார். சுருதிப் பெட்டி கொஞ்சம் சத்தமாக இருந்தது. குறைக்கச் சொன்னேன், இந்த முறை அதற்குத் தனி ட்ராக் இருந்தது.